ஆகாயக் கணக்கும் தண்டவாளக் கணக்கும்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் பெங்களூர் தேவனஹள்ளிக்கும் இடையே உள்ள தூரம் ஆகாய மார்க்கமாக 268 கிலோமீட்டர். விமானம் தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரையைத் தொடுவதற்கு முக்கால் மணியிலிருந்து ஐம்பது நிமிஷம் வரை பிடிக்கிறது. சென்ட்ரலிலிருந்து பெங்களூர் ஸ்டேஷனுக்கு ரயில் மார்க்கமாக 362 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் நாலரை மணிக்குள் போய்ச் சேர்கிறது. இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்தால் விமானம் ஜெயித்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். தோன்ற வேண்டும் என்பதற்காகவே இப்படி அருகருகே வைக்கிறார்கள்.

நாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறோம். காரணம் இருக்கிறது. இந்த முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் இன்னும் இரண்டு விமான நிலையங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒன்று காஞ்சிபுரம் அருகே பரந்தூரில்; மற்றொன்று ஓசூரில். இரண்டுக்கும் வேண்டியது விளைநிலம். நிலம் கொடுக்கச் சொல்லும்போது, எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

முதலில் தூரத்தையே எடுத்துக்கொள்வோம். 268 கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். ஆகாயத்தில் நூல் பிடித்தாற்போல் எந்த விமானமும் பறப்பதில்லை. கடற்கரைப் பக்கமாகக் கிளம்பி, திரும்பி, உயரம் பிடித்து, இறங்கும் இடத்தில் முறைக்காகக் காத்து, ஒரு வளையம் போட்டு இறங்க வேண்டியிருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் புகைக் கணக்குப் போடும்போது, 550 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரமானால் 50 கிலோமீட்டரைத் தனியாகக் கூட்டிக்கொள்ளும்படி விதித்திருக்கிறது. அப்படிக் கூட்டினால் 318 கிலோமீட்டர். ரயில் பாதைக்கும் இதற்கும் வித்தியாசம் 44 கிலோமீட்டர்தான்! அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று ஊர் ஊராக வளைந்து போகிற தண்டவாளத்துக்கும், வானத்தில் நேராகப் போவதாகச் சொல்லப்படும் விமானத்துக்கும் இவ்வளவுதான் பேதம்.

அடுத்தது நேரம். பெரம்பூரில் குடியிருக்கும் ஒருவர் பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் ஒரு காரியமாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டி வாங்கும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். எனவே ஒன்றேகால் மணி முன்பே அங்கே இருந்தாக வேண்டும். பிறகு கதவை அடைத்தது முதல் கதவைத் திறக்கும் வரை ஒரு மணிக்கு மேல். அதாவது அந்த ஐம்பது நிமிஷத்தோடு, ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முறை வருமட்டும் நிற்பதும், இறங்கிய பின் மறுபடி ஊர்வதும் சேர்ந்தே வருகின்றன. பெட்டி வந்து சேரக் கால் மணி. அதன் பிறகுதான் பெரிய சங்கடம். தேவனஹள்ளி பெங்களூர் அல்ல. 2008ஆம் வருஷம் மே மாதம் அங்கே புதிய விமான நிலையத்தைத் திறந்து, ஊருக்குள் இருந்த பழைய ஹெச்.ஏ.எல். நிலையத்தில் பிரயாணிகள் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். தேவனஹள்ளியிலிருந்து மெஜஸ்டிக்குக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் போல வரும். பெங்களூர் சாலை நெரிசலை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒன்றேகால் மணி என்பது தாராளமான கணக்கல்ல. கூட்டிப் பாருங்கள். நாலே முக்கால் மணி நேரம்.

அதே பெரம்பூர்க்காரர் அரை மணியில் சென்ட்ரலுக்குப் போகிறார். வண்டி கிளம்பக் கால் மணி இருக்கும்போது போனால் போதும். நாலரை மணிக்குள் பெங்களூர். இறங்கிய ஸ்டேஷனே மெஜஸ்டிக்! மொத்தம் ஐந்தேகால் மணி. மூன்றரை மணி நேரம் மிச்சம் என்று சொல்லப்பட்டது எங்கே போயிற்று? அரை மணியாகச் சுருங்கிவிட்டது. ஒரு நாள் ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் தேங்கினால் அந்த அரை மணியும் பாக்கி இல்லை. தாம்பரத்திலிருந்து யெலஹங்காவுக்குப் போகிறவருக்கு விமானம் லாபம்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் எல்லோரும் விமான நிலையத்துக்கு அடுத்த தெருவிலா வசிக்கிறார்கள்?

இன்னும் ஒரு விஷயம். ரயிலில் போகிறவர் அந்த நாலரை மணியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம், எழுதலாம், தூங்கலாம். விமானத்தில் போகிறவருக்கு எட்டு இடத்தில் எழுந்து எட்டு வரிசையில் நிற்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மாட்டிய பெல்ட்டின் மேல் இன்னொரு பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு... சரி, அது அவரவர் பாடு.

இப்போது புகைக் கணக்குக்கு வருவோம். விமானக் கம்பெனிகள் இதைப் பற்றி வாய் திறப்பதே அபூர்வம்.

விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு கிலோ எப்படி மூன்று கிலோவாகும் என்று சிலர் ஆச்சரியப்படலாம். எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்துகொள்கிறது. எடை கூடுவது அதனால்தான். நூற்றெண்பது பேர் உட்காரும் ஏர்பஸ் 320 ரக விமானம் சென்னையிலிருந்து பெங்களூர் போக ஏறத்தாழ ஒன்றரை டன்னிலிருந்து ஒன்றே முக்கால் டன் எண்ணெயைக் குடிக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. விமானம் தரையில் ஊர்வதற்கும், கிளம்பி மூவாயிரம் அடி ஏறுவதற்கும், அந்த உயரத்திலிருந்து இறங்குவதற்கும் மட்டும் எவ்வளவு எண்ணெய் செலவாகும் என்பதற்குச் சர்வதேச அளவில் ஒரு நிர்ணயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊர்வதற்கு 26 நிமிஷம், கிளம்ப 42 விநாடி, மேலே ஏற 2.2 நிமிஷம், இறங்க 4 நிமிஷம். இந்த ரக விமானத்துக்கு இவ்வளவுக்கும் சேர்த்துச் சுமார் 800 கிலோ எண்ணெய் ஆகிறது. அதாவது, டெல்லிக்குப் போனாலும் பெங்களூருக்குப் போனாலும் இந்த 800 கிலோ போயே தீரும். டெல்லிப் பிரயாணத்தில் அது ஒரு சிறு பகுதி. பெங்களூர்ப் பிரயாணத்திலோ ஏறத்தாழப் பாதி! உச்சிக்கு ஏறியதும் உடனே இறங்க வேண்டிய பிரயாணம் இது. வாசலில் வண்டியைப் பூட்டி, அடுத்த வீட்டு வாசலில் அவிழ்ப்பது போல.

ஆகவே ஒரு தடவை போவதற்கு ஒரு பிரயாணியின் தலையில் விழும் கரியமில வாயு 25 கிலோவிலிருந்து 35 கிலோ வரை இருக்கும்; காலி இடம் அதிகமானால் அதுவும் ஏறும். இது எவ்வளவு என்று நம் தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறோம். 14.2 கிலோ சமையல் காஸ் சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்து தீர்ந்தால் வெளியாகும் கரியமில வாயு 42 கிலோ அளவுதான். பெங்களூருக்குக் காலையில் விமானமேறிப் போய், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, மாலையில் திரும்பி வரும் ஒரு கனவான், ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்கு மேல் சமைத்துச் சாப்பிடும் சிலிண்டரை விட அதிகமான புகையை ஒரே நாளில் விட்டுவிடுகிறார்.

ரயில் புகை விடுவதில்லையா? விடத்தான் செய்கிறது. சென்னை - பெங்களூர் பாதை முழுவதும் மின்சாரப் பாதைதான் என்றாலும், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஸ்டேஷனில் புகை தெரியாவிட்டாலும் எண்ணூரில் தெரியும். அதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். சேர்த்தால், ஒரு பிரயாணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் பத்து கிராம். குளிர்சாதனப் பெட்டியானால் இரட்டிப்பு என்றே வைத்துக்கொள்வோம். பெங்களூர் போக நாலு கிலோவிலிருந்து ஏழு கிலோ. விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடத் தேறுமா என்பது சந்தேகம். மேலும் ஒரு வித்தியாசம்: சூரிய வெளிச்சத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் கூடக் கூட, ரயிலின் புகை தானாகவே குறையும். ஒரு போல்ட்டைக் கூட மாற்ற வேண்டியதில்லை. விமானத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. தாவர எண்ணெயும் கழிவெண்ணெயும் கலந்த புதிய எரிபொருளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நமது சர்க்கார் வைத்திருக்கும் இலக்கு 2027ஆம் வருஷத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு. அதுவும் வெளிநாட்டு விமானங்களுக்கு மட்டும். பெங்களூர் விமானம் அந்த ஒரு பங்கிலும் சேர்த்தியில்லை.

உலகத்தின் மொத்தப் புகையில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்த இரண்டரை சதவீதத்தை விடுகிறவர்கள் எத்தனை பேர்? 2018ஆம் வருஷத்துக் கணக்கை ஆராய்ந்தவர்கள், அந்த ஆண்டில் உலக ஜனத்தொகையில் விமானம் ஏறியவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர்தான் என்றும், பிரயாணிகள் விமானப் புகையில் பாதியை ஜனத்தொகையின் நூற்றில் ஒரு பங்கினரே விட்டார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள். வெப்பம் ஏறி, மழை தப்பி, கடல் பொங்கும்போது அனுபவிப்பவர்கள் மற்ற எண்பத்தொன்பது பேரும் சேர்ந்துதான். எண்ணூர்க் குப்பத்து மீனவருக்கு மீனம்பாக்கத்தில் ஒரு டிக்கட் வாங்கிய ஞாபகம் இருக்குமா?

இதை எழுதும்போது பிரயாணிகளைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் போகட்டும். பெங்களூரில் இறங்கி வேறு விமானம் மாறி வெளிநாடு போகிறவர் போகட்டும். ரயிலில் இடம் கேட்டு, இல்லையென்று கையை விரிக்கும்போது வேறு வழியில்லாமல் விமானம் ஏறுகிறவர் மேல் என்ன தப்பு? தப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கத் தண்டவாளத்துக்கு இறங்கி வர வேண்டும்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது 1864ஆம் வருஷத்தில். சரியாக நூறு வருஷம் கழித்து, 1964 அக்டோபர் முதல் தேதியன்று பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது. வழியில் நிற்காமல் ஐந்து மணி நேரத்தில் சென்னையையும் பெங்களூரையும் இணைத்தது அந்த வண்டி. அப்போது பாதையில் மின்சாரம் கிடையாது. இன்று மின்சாரம் இருக்கிறது, நவீன எஞ்ஜின் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. பிருந்தாவன் எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் ஆறு மணி! அறுபது வருஷத்து முன்னேற்றம் ஒரு மணி நேரம் பின்னால் போய் நிற்கிறது. நியாயமாகச் சொன்னால், அந்த வண்டி இப்போது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இன்னும் பல ஊர்களிலும் நிற்கிறது. தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அது பெரிய உதவி. நிற்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நின்று போகும் வண்டியையும் வேகமாக ஓட்ட முடியாதா? பாதை போதவில்லை என்பதல்லவா உண்மை? 2022 நவம்பரில் வந்தே பாரத் வந்தது, நல்ல வண்டிதான். அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்று கூடக் கிடையாது. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து இருநூறு ரூபாய்க்குள் பெங்களூர் போகலாம் என்றால் அது பிருந்தாவன் மாதிரி வண்டிகளில்தான். அந்த வண்டிகளுக்கு வேகம் கூட்டுவதைப் பற்றிப் பேச்சில்லை.

இதே பாதையில் பங்காருப்பேட்டையில் கிளை பிரிந்து கோலார் தங்கவயலுக்கு ரயில் போகிறது. தங்கவயல் என்றால் தமிழ் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய், பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கித் தங்கம் எடுத்த தொழிலாளர்களின் ஊர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம் பிரயாணம் செய்து, பெங்களூரில் காவல்காரர்களாகவும் கட்டட வேலைக்காரர்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் உழைத்துவிட்டு, இரவு அதே ரயிலில் திரும்புகிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வாசற்படியில் தொங்குகிறவர்களும் உண்டு. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டிப் பாசஞ்சர் ரயில்களை நிறுத்திவிட்டு, பிறகு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டி ஓட்டினார்கள். பெயர் மாறியதும் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாயிற்று. வேகம் மட்டும் மாறவில்லை. பழைய கட்டணம் திரும்பி வர 2024 பிப்ரவரி ஆயிற்று. நாலு வருஷம் மூன்று மடங்குக் கட்டணம்! சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாராவது இந்த ரயிலில் ஒரு நாள் போய் வந்திருப்பார்களா என்று நாம் அறியோம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? பிரான்சில் 2021இல் ஒரு சட்டம் செய்து, 2023 மே மாதத்தில் உத்தரவு போட்டார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்பது விதி. பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்கான விமானங்கள் நின்றன. மூன்றே மூன்று! சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட 150 சாதாரணப் பிரஜைகளின் சபை, நாலு மணி நேரம் என்று வைக்கும்படி கேட்டிருந்தது. சர்க்கார் அதை இரண்டரையாக நறுக்கிவிட்டது. ஸ்பெயினிலோ சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா வரை 621 கிலோமீட்டரை இரண்டரை மணியில் கடக்கும் ரயில் பாதையை 2008 பிப்ரவரியில் முடித்தார்கள். அதுவரை ஐரோப்பாவிலேயே நெரிசல் மிகுந்த விமான மார்க்கங்களில் அது ஒன்று. ரயில் வந்ததும் பிரயாணிகளில் பெரும்பாலோர் தாமாகவே தரைக்கு இறங்கி வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். ரயிலுக்குப் பாதை போதாது. விமானத்துக்கு நிலம் போதாதாம். 2022 ஆகஸ்டில் பரந்தூரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டுமென்கிறார்கள். ஏகனாபுரத்திலும் சுற்றிலுமுள்ள கிராமங்களிலும் மக்கள் அன்று முதல் போராடி வருகிறார்கள். ஏரியும் கால்வாயும் நெல் வயலும் வீடும் போகும் என்பது அவர்கள் கவலை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஏகனாபுரத்தார் வாக்குச் சாவடிப் பக்கமே போகவில்லை. சென்னையிலிருந்து பரந்தூர் மேற்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரும் மேற்கேதான் இருக்கிறது. அதாவது பெங்களூர் போக விமானம் பிடிப்பவர், பெங்களூரை நோக்கிச் சாலையில் அறுபது கிலோமீட்டர் போய், அங்கே விமானம் ஏறி, பெங்களூரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இறங்கி, மறுபடி முப்பத்தைந்து கிலோமீட்டர் ஊருக்குள் திரும்பி வர வேண்டும். இந்த விசித்திரத்துக்காக ஒரு ஏரியைத் தூர்க்கலாமா?

பரந்தூர் வெறும் பெங்களூர்ப் பிரயாணிகளுக்காக அல்ல, வெளிநாட்டு விமானங்களுக்காக, சரக்குக்காக என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். மீனம்பாக்கத்தில் இன்று இடமில்லை என்று சொல்லுகிறீர்களே, அங்கே தினந்தோறும் ஏறி இறங்கும் விமானங்களில் பெங்களூர், திருச்சி, மதுரை, கோவை ஆகிய நாலு ஊர்களுக்கு மட்டும் எத்தனை? ஓடுபாதைக்கு முந்நூறு மைல் விமானமும் மூவாயிரம் மைல் விமானமும் ஒன்றுதான். இரண்டுக்கும் கிளம்ப அதே நேரம், அதே இடம். இந்த நாலு ஊர்களுக்கும் ரயிலை வேகமாக்கி, விமானங்களில் பாதியைக் குறைத்தால் மீனம்பாக்கத்தில் எவ்வளவு இடம் காலியாகும்? இந்தக் கணக்கைப் போட்டு, பரந்தூர் மக்கள் முன்னால் வைத்த பிறகல்லவா நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

ஓசூர் விஷயம் இதைவிட வேடிக்கை. 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள்: இரண்டாயிரம் ஏக்கர், வருஷத்துக்கு மூன்று கோடிப் பிரயாணிகள். ஆனால் தேவனஹள்ளி நிலையத்தை நடத்தும் கம்பெனியோடு மத்திய சர்க்கார் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 2033 வரை வேறு புதிய நிலையம் வரக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. ஓசூர் பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். ஒரு கம்பெனியின் லாபத்துக்கு 150 கிலோமீட்டர் வேலி போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஏகனாபுரத்து ஏரிக்கு ஒரு வேலி போடத் தெரியவில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அரக்கோணத்திலிருந்து பெங்களூர் வரை கூடுதல் பாதை போடுங்கள். பிருந்தாவனை, நிற்கிற ஊர்களில் எல்லாம் நிற்கவிட்டு, 1964இல் ஓடிய ஐந்து மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். வந்தே பாரத்தின் வேகத்தில் இரண்டாம் வகுப்பு வண்டி ஒன்றும் விடுங்கள். மாரிக்குப்பத்து ரயிலுக்குப் பெட்டிகளைக் கூட்டுங்கள். பெரிய வண்டிக்கு வழிவிட அதை ஓரங்கட்டி நிறுத்தாதீர்கள். விமான டிக்கட்டில் கட்டணத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில், இத்தனை கிலோ புகை என்று அச்சிடும்படி சட்டம் செய்யுங்கள். மீனம்பாக்கத்துக் கணக்கை, ஊர் வாரியாக, வெளியிடுங்கள். பரந்தூரில் அதுவரை ஒரு ஏக்கரிலும் மண்வெட்டி விழக்கூடாது.